இருபத்தேழாம் குப்பி

பிப்ரவரி 3

காயக்கட்டு அறைப் பொறுப்பாளர் சிஸ்டருக்கு,

வணக்கம். உங்கள் முதல் பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. பனிக்கட்டி உருகவில்லை, குப்பிகள் கவிழவில்லை, எண்கள் அழியவில்லை. எட்டு மருத்துவமனைகளிலிருந்து எனக்குப் பெட்டி வருகிறது. இவ்வளவு பாந்தமாகக் கட்டி அனுப்புகிறவர் நீங்கள் ஒருவர்தான். மற்ற இடங்களிலிருந்து வருவதைத் திறக்கும்போது தண்ணீரில் மிதக்கும் குப்பிகளைத் துழாவி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வு எதற்கு என்று உங்களிடம் யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் ஏன் மாதக்கணக்கில் மூடாமல் கிடக்கிறது என்பதுதான் என் கேள்வி. புண்ணைச் சுத்தம் செய்யும்போது நீங்கள் சுரண்டிக் குப்பையில் போடும் சதை எனக்கு வேண்டும். அதை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, உள்ளே எந்தச் செல் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். யாருடைய சதை என்று எனக்குத் தெரியக் கூடாது. எண் மட்டும் போதும்.

ஒரு வேண்டுகோள். படிவத்தின் ஓரத்தில் உங்கள் கண்ணில் பட்டதை ஒரு வரி எழுதுங்கள். கடிதமாக எழுதினாலும் சரி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள், நனையாது.

இப்படிக்கு,
திசு ஆய்வுக்கூடம், மூன்றாம் மாடி


பிப்ரவரி 10

டாக்டர் அம்மாவுக்கு,

பாராட்டுக்கு நன்றி. நான் யார் என்று தெரிந்திருந்தால் பாராட்டியிருப்பீர்களா என்று தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் கீழே பெயர் இல்லாமலே யார் என்று தெரிந்துவிட்டது. இந்தக் கையெழுத்து எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. இரண்டு ஜாடிகளில் 'உப்பு', 'மிளகு' என்று எழுதி ஒட்டியது நீங்கள்தானே? ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் உங்கள் கையெழுத்தில்தான் முழிக்கிறேன். உப்பு ஜாடியில் வேண்டுமென்றே சோடா மாவு போட்டு வைத்திருக்கிறேன்.

ஆமாம். உங்களிடம் விவாகரத்து வாங்கிய மனிதருக்கு இப்போது நான்தான் மனைவி. உங்கள் இடத்தை நான் பறிக்கவில்லை. நீங்கள் போய் மூன்று வருஷம் கழித்துத்தான் அவர் முகமே எனக்குத் தெரியும். இதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வேலை வேலையாக இருக்கட்டும். குப்பிகள் ஒழுங்காக வரும். அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

காயக்கட்டு அறை

பின்குறிப்பு: 9, 14 இரண்டு பேருக்கும் புண் வாடை குறைந்திருக்கிறது.


பிப்ரவரி 18

சிஸ்டருக்கு,

ஜாடியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள், காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஐந்து வருஷமாக அதை எடுக்காமல் வைத்திருப்பது நானல்ல.

அவரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

கீழே ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம். நான் உடன் இருந்த நாளிலேயே அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது, அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

மூன்றாம் மாடி


ஏப்ரல் 14

சிஸ்டருக்கு,

இன்று ஒரு நல்ல செய்தி. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இங்கே இருக்கிறவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

உங்கள் 27-ஆம் எண். மூன்று முறை வந்துவிட்டது. இப்படி ஒரு மாதிரியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு புண் உண்டானால் முதலில் சண்டைக்காரச் செல்கள் வரும், கிருமியைத் தின்னும், அழுகியதைத் தின்னும். நாலைந்து நாளில் அதே செல்கள் குணம் மாறி, கட்டிட வேலைக்கு உத்தரவு கொடுக்கத் தொடங்கும். அப்போதுதான் புதுச் சதை வளரும், ரத்தக் குழாய் முளைக்கும். நாள்பட்ட சர்க்கரை இந்தக் குணமாற்றத்தைத் தடுக்கிறது. 27-இல் ஒரு செல்கூட மாறவில்லை. எல்லாம் சண்டைக் கோலத்தில் நிற்கின்றன. அவை கக்கும் நொதிகள், புதுச் சதை ஏறி வளரக் கட்டிய சாரத்தையே வெட்டித் தள்ளுகின்றன. வளரச் சொல்லி உடம்பு அனுப்பும் புரதத்தையும் வழியிலேயே தின்றுவிடுகின்றன.

துறைக் கூட்டத்தில் 27-இன் படத்தைத் திரையில் போட்டேன். கைதட்டினார்கள். என் கட்டுரைக்கு இவர்தான் பொக்கிஷம்.

ஒரே ஒரு குறை. 27-இல் மட்டும் புது ரத்தம் அதிகம் தெரிகிறது. சுரண்டும்போது கை கொஞ்சம் அழுத்தமாக விழுகிறதோ? அடுத்த முறை பார்த்துச் செய்யுங்கள்.

மூன்றாம் மாடி


ஏப்ரல் 21

டாக்டர் அம்மாவுக்கு,

பொக்கிஷமா?

27-க்கு வாய் இருக்கிறது. கட்டு மாற்றும்போது ஜோக் சொல்லும். போன வாரம் பெரிய டாக்டர் வந்து பார்த்தார், "ஜூன் இருபது வரைக்கும் பார்ப்போம், சுருங்கலைன்னா முன்பாதத்தை எடுத்துடலாம்" என்று வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அன்று 27 ஜோக் சொல்லவில்லை. நீங்கள் அதே வாரத்தில் கைதட்டல் வாங்கியிருக்கிறீர்கள். மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தால் கால் தெரியாது போலிருக்கிறது.

அடுத்தது என் கை. பத்தொன்பது வருஷமாக இந்தக் கையால் சுரண்டுகிறேன். பயிற்சி டாக்டர்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை. ஒரே நாளில், ஒரே அழுத்தத்தில் பதினோரு பேருக்குச் சுரண்டுகிறேன். மற்ற பத்தில் ரத்தம் இல்லையாம், 27-இல் மட்டும் இருக்கிறதாம், அதற்கு என் கை காரணமாம். என்ன கணக்கு இது? உங்களுக்கு என்மேல் கடுப்பு இருந்தால் நேராகத் திட்டுங்கள். என் தொழிலில் கை வைக்காதீர்கள்.

கடிதம் வந்ததிலிருந்து மூன்று நாள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்கு என்னை ஆட்டிவைத்துவிட்டீர்கள், சந்தோஷமா?

காயக்கட்டு அறை


மே 2

சிஸ்டருக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. நான் வெட்கப்பட்டேன், பிறகு வேலை செய்தேன்.

27-இன் சீவல்களை எல்லாம் மறுபடி எடுத்து, இரும்பைக் காட்டும் நீலச் சாயம் ஏற்றினேன். சதைக்குள் ரத்தம் சிந்தினால், சில நாளில் அதிலுள்ள இரும்பைச் சண்டைக்காரச் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்ளும். அப்போது அவை நீலமாகத் தெரியும். இன்று சிந்திய ரத்தம் நீலமாகாது. 27-இல் நீலம் அடுக்கடுக்காக இருக்கிறது. பழைய ரத்தம், அதைவிடப் புதியது, இன்றையது. நீங்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் சுரண்டுகிறீர்கள். இது ஏறக்குறைய தினமும் நடந்திருக்கிறது.

உங்கள் கை இல்லை. மன்னித்துவிடுங்கள். கடுப்பு இருந்தது, அதையும் மறைக்கவில்லை. குறை கண்டுபிடிக்க ஆசையாக இருந்தது, அது தானாக வந்து கண்ணில் விழுந்ததும் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு தவறும் செய்தேன். செல்கள் ஏன் குணம் மாறவில்லை என்ற கேள்வி வந்ததும் சர்க்கரை என்று எழுதிவிட்டேன், ஏனென்றால் என் கட்டுரை சர்க்கரையைப் பற்றியது. சர்க்கரை பாதிதான். நீங்கள் அனுப்பிய படிவத்தில் 27-க்கு இரண்டு மாதமாகச் சர்க்கரை அளவு நன்றாகவே இருக்கிறது. தினமும் ஒரு புதுக் காயம் விழுந்தால் அந்தச் செல்கள் எப்படிச் சண்டையை நிறுத்தும்? ஒரே இடத்தில், கூர்மையான ஏதோ ஒன்று தினமும் குத்துகிறது. பாதம் மரத்திருப்பதால் அவருக்குத் தெரியவில்லை.

27 நடக்கிறார், சிஸ்டர். எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார் என்று பாருங்கள். கேட்காதீர்கள், பாருங்கள்.

மூன்றாம் மாடி


மே 6

டாக்டர் அம்மாவுக்கு,

பார்த்தேன்.

நேற்று தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தால், ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கப் போகும் நாளில் இருப்பதுபோல் தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, காலில் அந்தப் பழுப்பு ஷூவோடு 27 நிற்கிறது.

ஆமாம். 27 அவர்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கிளம்பல, வந்துட்டேன். சும்மா முனை வரைக்கும். கேரம் ஆடிட்டு வந்தேன்."

"டாக்டர் குடுத்த செருப்பு எங்க?"

"அதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி எப்படி நடக்கிறது? கால்ல செங்கல் கட்டின மாதிரி இருக்கு."

"இதைப் போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

சிரித்தார். "இந்த ஷூ எனக்கு உறுத்தல. உனக்குத்தான் உறுத்துது. பழைய பொறாமைக்குப் புதுசா ஒரு வைத்தியக் காரணம் கண்டுபிடிச்சு வச்சிருக்க" என்றார்.

ஷூவைப் பிடுங்கி உள்ளே கையை விட்டேன். அடித்தோல் தேய்ந்து ஒரு ஆணி முனை எட்டிப் பார்க்கிறது. என் விரலில் ரத்தம் வந்தது. அவர் பாதத்தில் புண் இருக்கும் அதே இடம். விரலைக் காட்டினேன். "நீ வேணும்னே குத்திக்கிட்ட" என்றார். அப்படிச் சொல்லும் அளவுக்கு நான் நடந்துகொண்டிருக்கிறேன் என்பதுதான் எனக்கு வலித்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அந்த ஷூவைத் துணிப்பையில் சுற்றி எடுத்துவந்தார். "ரொம்ப நாள் ஷூ, தூக்கிப் போட்டுடாதே" என்று ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நீங்கள் வாங்கிக் கொடுத்தது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். ஒருமுறை பரணில் ஒளித்தேன். ஒருமுறை பழைய சூட்கேசில் வைத்துப் பூட்டினேன். இரண்டு முறையும் தேடி எடுத்துவிட்டார். 'அந்தம்மா ஷூ' என்றுதான் வீட்டில் அதற்குப் பெயர். பெயர் வைத்தது நான். இப்போது உண்மையிலேயே அது ஆகாது என்று சொன்னால் எப்படி நம்புவார்?

அவர் எண்ணை உங்களிடம் ஏன் மறைத்தேன்? ஆய்வு விதி என்று சொல்லலாம். பொய். நீங்கள் அவருக்குள்ளே ஒவ்வொரு செல்லாகப் பார்க்கிறீர்கள், நான் மேல்தோலோடு நிற்கிறேன். அது யார் என்று உங்களுக்குத் தெரியாது என்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம் இருந்தது. பொக்கிஷம் என்று எழுதினீர்களே, அன்று குப்பியைச் சுவரில் அடிக்கத் தோன்றியது.

ஜூன் இருபதுக்கு இன்னும் ஆறு வாரம். முட்டி வரை மாவுக்கட்டு போட்டு, வாரம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, வீட்டோடு உட்கார வைத்தால் பாதம் தப்பிக்கும். மாட்டேன் என்கிறார். நான் சொன்னால் பொறாமை. டாக்டர் சொன்னால், நான் சொல்லிக் கொடுத்தேன் என்கிறார்.

நீங்கள் எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். இதை எழுத எனக்கு எவ்வளவு எரிகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும், பதில் வேண்டாம், அவருக்குக் கடிதம் மட்டும் வேண்டும். அக்கா என்று கூப்பிட்டுக் கேட்கலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

காயக்கட்டு அறை


மே 12

சிஸ்டருக்கு,

அந்த ஷூவை நான் வாங்கவில்லை.

என்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, முதல் மாதச் சம்பளத்தில் அவரே வாங்கிக்கொண்டது. எனக்கும் அந்தத் துணிப்பை, அந்த முகம் எல்லாம் நடந்திருக்கிறது. எவளோ ஒருத்தி வாங்கிக் கொடுத்தது என்று நானும் நினைத்தேன். நேரே கேட்டேன், பில் இருக்கிறதா என்று. எடுத்துக் காட்டினார். பார்த்தேன், தேதி சரியாக இருந்தது, அதோடு விட்டுவிட்டேன். நான் பில் கேட்டேன். நீங்கள் ஒளித்து வைத்தீர்கள். நம் இருவரில் யாரோடு அவர் இருக்கிறார் என்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

வாரக்கணக்கில் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். பதினோரு வருஷம் உடன் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அடிபட்டால் என்னிடம் காட்ட மாட்டார், கதவைச் சாத்திக்கொண்டு அவரே கட்டுப் போட்டுக்கொள்வார். உங்களிடம் பாதத்தைக் கொடுத்துவிட்டு ஜோக் சொல்கிறவர் அவர்தான் என்று தெரிந்த அன்று என்னால் ஒரு சீவல்கூட ஒழுங்காக அறுக்க முடியவில்லை. உங்களுக்கு எரிகிறது என்றால் இங்கேயும் குளுகுளு என்று இல்லை.

யார் என்று தெரிந்த மாதிரியை ஆய்வில் வைக்கக் கூடாது. துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். 27-ஐ எடுத்துவிட்டார்கள், படமும் போயிற்று. மீதி உள்ள காலிக் குப்பிகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அவருக்கு எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. ஒட்டவில்லை. படித்துவிட்டுக் கொடுங்கள். கிழித்துப் போட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

மூன்றாம் மாடி


ஜூன் 21

டாக்டர் அம்மாவுக்கு,

நேற்று பெரிய டாக்டர் அளந்தார். பாதியாகச் சுருங்கியிருக்கிறது. கத்தி தள்ளிப்போனது. மாவுக்கட்டு தொடர்கிறது. கேரம் பலகை வீட்டுக்கே வந்துவிட்டது, கூடவே நாலு பேரும்.

வேறொன்றும் எழுத நேரமில்லை.

காயக்கட்டு அறை


ஜூலை 9

சிஸ்டருக்கு,

கேட்க மாட்டேன் என்றுதான் எழுதினேன். கேட்கிறேன். கடிதத்தைக் கொடுத்தீர்களா?

மூன்றாம் மாடி


ஆகஸ்ட் 19

டாக்டர் அம்மாவுக்கு,

புண் மூடிவிட்டது. நேற்று கட்டைப் பிரித்தேன். ரோஜா நிறத்தில் மெல்லிய தோல், ஓரம் எல்லாம் ஒட்டியிருக்கிறது. சுரண்ட எதுவும் இல்லை. கத்தியை எடுத்த கை சும்மா நின்றது. பிறகு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

கடிதத்தைக் கொடுத்தேன். மே மாதமே, கட்டு அறையில், படுக்கையில் அவர் காலை நீட்டியிருக்கும்போது. அதற்கு முன் சமையலறையில் நின்று நாலு தடவை படித்தேன். ஆணியைப் பற்றி எழுதியிருந்தது சரி. "உன் ஷூவை ஒளித்து வைக்க ஒருத்தி இருக்கிறாள், எனக்கு அது தோன்றவே இல்லை" என்று எழுதியிருந்ததும் சரி. அதைப் படித்துவிட்டு ஜாடிகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

ஆனால் மூன்றாவது வரி. "போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நீ தூங்குகிற அந்த இடது கால், பதினோரு வருஷம் நான் உள்ளே இழுத்துவிட்ட கால்." எதற்கு அதை எழுதினீர்கள்? இப்போது அதை இழுத்துவிடுவது நான். அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுக் கத்தரியால் அந்த ஒரு வரியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் கொடுத்தேன்.

படித்தார். தாளைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"இங்க ஒரு வரி காணோமே?"

"அழுகின சதை. சுரண்டிட்டேன்."

எவ்வளவு சிரித்தார் தெரியுமா? பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ பொறாமைக்காரிதான். ஆனா ஆணின்னு நீ சொன்னது நிஜம்னு தெரியுது. மறைக்கிறதா இருந்தா இந்தக் கடுதாசியையே மறைச்சிருப்ப. போடு மாவுக்கட்டு" என்றார். ஷூவை மறுநாள் குப்பை வண்டியில் அவரே போட்டார். பில்லை மட்டும் வைத்திருக்கிறார், கேட்டால் காட்டலாம் என்று.

காலிக் குப்பிகளை இத்துடன் அனுப்புகிறேன். 27 மட்டும் காலி இல்லை. நீங்கள் எழுதிய வரி உங்களுக்குச் சொந்தம், எறிய மனசு வரவில்லை, வீட்டில் வைக்கவும் முடியாது. சுருட்டி உள்ளே போட்டிருக்கிறேன். பனிக்கட்டியும் வைத்துத்தான் கட்டினேன்.

இப்போதும் அக்கா என்று வரவில்லை.

காயக்கட்டு அறை


ஆகஸ்ட் 25

சிஸ்டருக்கு,

பெட்டி வந்தது. பனிக்கட்டி உருகவில்லை, எண்கள் அழியவில்லை.

27-ஐத் திறந்து பார்த்தேன். வெட்டு சுத்தமாக இருக்கிறது. மேல் வரியிலிருந்தோ கீழ் வரியிலிருந்தோ ஒரு எழுத்தின் துணுக்குகூட ஒட்டி வரவில்லை. உங்கள் கையைப் பற்றி நான் எழுதியதை இன்னொரு முறை திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூடி, மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில், கடைசித் தட்டில் வைத்தேன். ஆய்வு முடிந்ததும் எந்த மாதிரியை எந்தத் தேதியில் அழிக்க வேண்டும் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் அதைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். நானும் நிரப்பவில்லை.

இரவில் அந்தக் கால் வெளியே வந்தால் இழுத்துவிடுங்கள்.

மூன்றாம் மாடி